சிலிக்கான் கதை – 11: படம் முழுவதையும் உள்ளே வைத்த சிப்

சென்ற இதழைப் படித்துவிட்டு ராபர்ட்சன்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “விடியற்காலை ரயிலைப் பிடித்து நம் பிள்ளைகள் பெங்களூருக்குச் சிப் வடிவமைக்கப் போகிறார்கள். எல்லாம் பிறர் நிறுவனத்துக்கு. நம்மவர் தொடங்கிய சிப் நிறுவனம் எதுவும் உலகச் சந்தையில் முன்வரிசையில் நின்றதே இல்லையா?”

நின்றிருக்கிறது. அதன் பெயர் நியோமேஜிக். 1990களின் பிற்பகுதியில் லேப்டாப் வைத்திருந்தவர்களில் ஏராளமானோர் அதன் சிப் வழியாகத்தான் திரையைப் பார்த்தார்கள். பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அது எப்படி எழுந்தது, எப்படிச் சரிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். ஏனென்றால் இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனின் திரை எப்படி இயங்குகிறது என்பதற்கான பாதி விடை அந்தக் கதையில் இருக்கிறது.

கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தலைமைப் பொறுப்பை ஏற்றவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரகாஷ் அகர்வால். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். சிரஸ் லாஜிக் நிறுவனத்தில் கையடக்கக் கணினிகளுக்கான சிப் பிரிவை நடத்தியவர். உடன் சேர்ந்தவர் ஈரானில் பிறந்த கம்ரான் எலாஹியன். சிரஸ் லாஜிக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலாஹியன், அதன்பின் பேனாவால் எழுதும் கணினி ஒன்றைச் செய்ய மொமென்டா என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். அது 1992லேயே மூழ்கிப்போனது. கையில் தூக்கிச் செல்லும் கணினிக்கு எது எமன் என்பதை அவரளவு அனுபவித்தவர்கள் அப்போது அதிகம் இல்லை. எமன் பேட்டரிதான்.

அந்தக் கால லேப்டாப்பில் சக்தியை உறிஞ்சியவை நான்கைந்து இடங்கள். திரையின் பின்விளக்கு, ஹார்டு டிஸ்க், பிராசசர் ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத இன்னொன்று கிராஃபிக்ஸ் சிப்புக்கும் அதன் மெமரிக்கும் இடையே ஓடும் போக்குவரத்து. இதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம்.

குறுக்கே 800, நெடுக்கே 600 புள்ளிகள் கொண்ட திரையை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு 2 பைட் நிறத் தகவல் என்றால் ஒரு முழுப் படத்துக்கு 9,60,000 பைட். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆக, நீங்கள் ஒரு எழுத்துகூடத் தட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும், நொடிக்கு 5 கோடியே 76 லட்சம் பைட் மெமரியிலிருந்து கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மெமரி தனிச் சிப்பாகப் போர்டில் உட்கார்ந்திருந்தால், அத்தனை தகவலும் செம்புத் தடங்கள் வழியாக வெளியே வந்து, மறுபடி உள்ளே போகும். சிப்புக்குள் இருக்கும் நுண்கம்பியைவிட வெளித் தடத்தை மின்னேற்றி இறக்கப் பல மடங்கு சக்தி பிடிக்கும்.

தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். கீழே பாறையை உடைப்பது ஒரு செலவு. உடைத்ததை ஷாஃப்ட் வழியே மேலே இழுப்பது வேறு செலவு. ஆழம் கூடக் கூட இரண்டாவது செலவு கழுத்தைப் பிடிக்கும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்ததே இத்தகைய வேலைகளுக்காகத்தான். கிராஃபிக்ஸ் சிப்பிலும் கணக்குப் போடும் வேலை மலிவு. தகவலை ஏற்றி இறக்கும் கூலிதான் அதிகம்.

அகர்வாலின் குழு எடுத்த முடிவு: மெமரியையே கிராஃபிக்ஸ் சிப்புக்குள் வைத்துவிடுவது. பக்கத்தில் வைப்பதோ ஒரே உறைக்குள் இரண்டு துண்டுகளாக ஒட்டுவதோ அல்ல. ஒரே சிலிக்கான் துண்டில் இரண்டையும் செதுக்குவது. அப்படிச் செய்தால் வெளித் தடமே தேவையில்லை. வெளியே மெமரி வைத்தவர்கள் 32 அல்லது 64 இழைப் பாதைக்கே திண்டாடிய நேரத்தில், உள்ளே 128 இழைப் பாதையைத் தாராளமாகப் போடலாம். பாதை அகலமாக இருந்தால் மெதுவாக ஓடினாலே போதும். மெதுவாக ஓடினால் சக்தி மிச்சம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் டிராம் மெமரியும் கணக்குப் போடும் லாஜிக் சுற்றும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தப் பிறந்தவை அல்ல. டிராமின் ஒவ்வொரு அறையிலும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு குட்டி மின்தேக்கியும்தான். தேங்கிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நொடிக்குப் பல முறை படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். கசிவைக் குறைக்க டிரான்சிஸ்டரை இறுக்கமாகச் செய்வார்கள், சிலிக்கான் அடித்தளத்துக்கு எதிர்மின்னழுத்தமும் கொடுப்பார்கள். இறுக்கமான டிரான்சிஸ்டர் மெதுவாகத்தான் வேலை செய்யும். லாஜிக் சுற்றுக்கோ வேகம் வேண்டும். அது ஓயாமல் தட்டித் தட்டி எழுப்பும் மின் இரைச்சல் பக்கத்து அறையில் தேங்கியிருக்கும் துளி மின்னூட்டத்தைக் குலைத்துவிடும்.

இந்தச் சச்சரவைத் தீர்த்த வழிக்குத்தான் நியோமேஜிக் காப்புரிமை வாங்கியது. 1997இல் வழங்கப்பட்ட அந்தக் காப்புரிமைகளில் கண்டுபிடிப்பாளர்களாக இரண்டு பெயர்கள் இருக்கின்றன: தீப்ராஜ் புவார், ரவி ரங்கநாதன். மெமரிக்கான வெளி இணைப்பே இல்லாத கிராஃபிக்ஸ் கட்டுப்பாட்டுச் சிப் என்பதுதான் அவற்றின் தலைப்பு. இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லும் தலைப்பு. ஆனால் சாதனையே அந்த இல்லாமைதான்.

நியோமேஜிக்குக்குச் சொந்த ஆலை கிடையாது. வடிவமைத்துக் கொடுக்கும், செய்து தருவது ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக், பின்னர் தோஷிபாவும். இரண்டும் டிராம் செய்வதில் கரைகண்டவை. டிராம் ஆலையில் லாஜிக்கை நுழைப்பதுதான் நியோமேஜிக் தேர்ந்தெடுத்த வழி. எனவே சாதாரண லாஜிக் ஆலைக்குப் போக அதனால் முடியாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு விலை கொடுக்க வேண்டிவந்தது.

1995இல் முதல் சிப்புகள் ஏற்றுமதியாயின. மேஜிக்கிராஃப் குடும்பத்தின் மூத்த பிள்ளை என்எம்2070. அதற்குள் இருந்த மெமரி 896 கிலோபைட், அதாவது 9,17,504 பைட். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 800க்கு 600 திரையில் 2 பைட் நிறத்துக்கு 9,60,000 வேண்டும். 42,496 பைட் போதவில்லை! அந்தத் திரையில் 65 ஆயிரம் நிறங்களைக் காட்ட வேண்டுமென்றால் முதல் சிப்பால் முடியாது. 256 நிறங்களோடு திருப்திப்பட வேண்டும். வெளியே மெமரி இருந்திருந்தால் இன்னொரு சிப்பைச் சேர்த்துச் சமாளித்திருக்கலாம். உள்ளே வைத்தபின் சேர்க்க வழியில்லை. அடுத்து வந்த என்எம்2090 வரிசையில் 1,152 கிலோபைட் வைத்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள். அதற்கடுத்த என்எம்2160இல் 2 மெகாபைட். இப்போது 1024க்கு 768 திரையும் நிறைவாக அடங்கியது. என்எம்2200இல் 2.5 மெகாபைட்டோடு ஒலிச்சுற்றையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு சிப்பையும் அடுத்த திரையளவுக்கு ஏற்பச் சட்டை தைப்பதுபோலத்தான் வடிவமைக்க வேண்டியிருந்தது.

ராபர்ட்சன்பேட்டைப் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கிய ஐபிஎம் திங்க்பேட் 560எக்ஸ் ஒன்று பூதிகோட்டையில் என் மேசைமேல் இருக்கிறது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. இந்த அத்தியாயத்துக்காக அதைத் திருகாணி கழற்றித் திறந்தேன். போர்டில் என்எம்2160 என்று அச்சிட்ட கறுப்புச் சதுரம். அதே காலத்து வேறு நிறுவனச் சிப் என்றால் ஒட்டினாற்போல இரண்டோ நான்கோ மெமரிச் சிப்புகள் இருக்கும், நடுவே சீப்புப் பற்களைப் போல வரிவரியாகத் தடங்கள் ஓடும். இதில் அந்த இடம் காலி. அந்தக் காலியிடத்தால்தான் இயந்திரம் மெலிந்தது. கறுப்பு உறைக்குள் சிலிக்கானையும் வெளிக்கால்களையும் இணைக்க அக்காலத்தில் வழக்கமாகப் பயன்பட்டது தங்கக் கம்பி. தடிமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. மெமரிக்குப் போகும் கால்கள் இல்லையென்றால் அத்தனை தங்கக் கம்பிகளும் மிச்சம்.

ஐபிஎம்மின் 560எக்ஸ், 600 வரிசைகள், டெல்லின் லாட்டிட்யூட் சிபி வரிசை, தோஷிபாவின் உள்ளங்கை அளவு லிப்ரெட்டோ 100, சோனியின் கேமரா பொருத்திய குட்டி வயோ சி1 என்று பட்டியல் நீண்டது. மெல்லிய லேப்டாப் என்றாலே நியோமேஜிக் என்றாகிவிட்டது. 1997 மார்ச்சில் நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது. 1998 ஜனவரியில் முடிந்த ஆண்டில் விற்பனை 12 கோடி டாலரைத் தாண்டியது; அடுத்த ஆண்டு ஏறத்தாழ இரட்டித்து 24 கோடியைத் தொட்டது. தொடங்கி ஆறாண்டுகூட ஆகாத நிறுவனம்! லேப்டாப் கிராஃபிக்ஸில் அதுவரை கோலோச்சிய சிப்ஸ் அண்ட் டெக்னாலஜீஸ் இதற்குள் இன்டெல்லுக்கு விலைபோயிருந்தது.

உச்சத்தில் நின்ற அந்த 1998 டிசம்பரிலேயே நியோமேஜிக் நீதிமன்றப் படியேறியது. டிரைடென்ட், எஸ்3 ஆகிய இரு போட்டி நிறுவனங்கள் தன் காப்புரிமையை மீறி உள்மெமரிச் சிப் செய்வதாக டெலவேர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு. டிரைடென்ட் மீதான வழக்கில் 2002இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் ஒரு பகுதியை ஏற்று, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அப்போது சண்டை போட்ட சந்தையிலேயே நியோமேஜிக் இல்லை.

ஏன் இல்லை? மூன்று காரணங்களைச் சொல்வார்கள். என் பார்வையில் மூன்றும் ஒரே வேரின் கிளைகள்.

முப்பரிமாண விளையாட்டுகள் லேப்டாப்புக்கும் வந்தன. முப்பரிமாணக் காட்சி வரைய ஒரு படத்துக்கான மெமரி போதாது. திரையில் தெரியும் படம், பின்னணியில் வரைந்துகொண்டிருக்கும் அடுத்த படம், எந்தப் புள்ளி முன்னே எது பின்னே என்று குறிக்கும் ஆழக்கணக்கு, இந்த மூன்றும் வேண்டும். 1024க்கு 768 திரையில் 2 பைட் வீதம் மூன்றையும் கூட்டினால் 47,18,592 பைட். நியோமேஜிக்கின் என்எம்2360இல் இருந்தது 4 மெகாபைட், அதாவது 41,94,304. மறுபடியும் போதவில்லை! சுவர்களுக்கும் தரைக்கும் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களுக்கான இடத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. 1999இல் ஏடிஐ நிறுவனம் ரேஜ் மொபிலிட்டி எம்1 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதில் 8 மெகாபைட் மெமரி; ஆனால் தனித் துண்டாகச் செய்து ஒரே உறைக்குள் வைத்திருந்தார்கள். மெமரியை மெமரி ஆலையிலும் லாஜிக்கை லாஜிக் ஆலையிலும் செய்துகொள்ளலாம். முப்பரிமாண எந்திரமும் அதில் இருந்தது. லேப்டாப் நிறுவனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன.

ஆலை விஷயத்துக்கு வருவோம். தைவானின் லாஜிக் ஆலைகள் ஆண்டுக்கு ஆண்டு டிரான்சிஸ்டரைச் சுருக்கிக்கொண்டே போயின. போட்டியாளர்கள் அந்த ரயிலில் ஏறிக்கொண்டார்கள். டிராம் ஆலையோடு கட்டுண்ட நியோமேஜிக்கால் ஏற முடியவில்லை. போதாக்குறைக்கு 1996 தொடங்கி டிராம் விலை உலகெங்கும் படுவீழ்ச்சி கண்டது; வெளியே மெமரி வைப்பவர்களுக்கு அது கொண்டாட்டம்.

நாணய மாற்று மூன்றாவது அடி. சிலிக்கான் வேஃபர்களுக்கு நியோமேஜிக் யென்னில் பணம் கட்டியது, சிப்பை டாலரில் விற்றது. 1998 ஆகஸ்டில் ஒரு டாலருக்கு 147 யென் வரை கிடைத்தது. 1999 முடிவில் 102 அளவுக்கு வந்துவிட்டது. உதாரணத்துக்கு ஒரு வேஃபர் 1 லட்சம் யென் என்று வைத்துக்கொண்டால், 680 டாலருக்கு வாங்கிய அதே பொருள் ஒன்றரை ஆண்டுக்குள் 980 டாலர். விற்கும் விலையோ போட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கணக்குப்பிள்ளையாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

மெமரியும் லாஜிக்கும் ஒரே துண்டில் இருக்கவேண்டும் என்ற அந்த முதல் முடிவுதான் இந்த மூன்றுக்கும் வேர். மெமரியைக் கூட்ட முடியாமல் செய்தது அது. ஆலையை மாற்ற விடாததும் யென்னில் மாட்டிவிட்டதும் அதுவே. 2000ஆம் ஆண்டு நியோமேஜிக் லேப்டாப் சந்தையைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

அதன்பின் அது கைபேசிகளையும் கையடக்கக் கருவிகளையும் குறிவைத்தது. 1999இலேயே இஸ்ரேலில் அசோசியேடிவ் கம்ப்யூட்டிங் என்ற நிறுவனத்தை வாங்கியிருந்தது. மெமரிக்குள்ளேயே கணக்கைப் போட்டுவிடும் சுற்று அவர்களுடைய சரக்கு. தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் இழுத்து மூடப்பட்ட அதே 2001ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் லிங்க்அப் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டது. மைமேஜிக் என்ற பெயரில் ஏஆர்எம் பிராசசரோடு கூடிய சிப்புகள் வந்தன. நொய்டாவிலும் ஒரு வடிவமைப்புக் கிளை இயங்கியது. ஆனால் போன் நிறுவனங்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இன்டெல், குவால்காம் என்று பெரிய கைகளையே பிடித்தன. சில காப்புரிமைகளை விற்றும் நியோமேஜிக்கால் நிமிர முடியவில்லை. 2009இல் நாஸ்டாக் பட்டியலிலிருந்தும் பெயர் போனது.

உள்மெமரி என்ற எண்ணம் தோற்றது என்று இதைப் படித்து முடிவுகட்டிவிடக் கூடாது. அது பல வீடுகளில் பிழைத்தது. 2000ஆம் ஆண்டு வந்த சோனி பிளேஸ்டேஷன் 2இன் கிராஃபிக்ஸ் சிப்பில் 4 மெகாபைட் டிராம் உள்ளேயே இருந்தது. பாதையின் அகலம் 2,560 இழை. மீடியாக்யூ என்ற நிறுவனம் கையடக்கக் கருவிகளுக்கான தன் எம்க்யூ-200 சிப்பில் 2 மெகாபைட்டை உள்ளே வைத்தது. அந்த நிறுவனத்தை 2003இல் 7 கோடி டாலருக்கு என்விடியா வாங்கியது.

இன்று நம் கையிலிருக்கும் போனுக்கு வழிவிட்டது இன்னொரு தீர்வு. இங்கிலாந்தின் இமாஜினேஷன் டெக்னாலஜீஸ் தன் பவர்விஆர் சிப்புகளில் திரை முழுவதையும் உள்ளே வைக்க முயலவில்லை. திரையைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டியது. ஒரு கட்டத்துக்கான வேலையை மட்டும் சிப்புக்குள் வைத்து முடித்து, முடிந்த கட்டத்தை ஒரே தடவை வெளி மெமரிக்கு அனுப்பியது. ஆழக்கணக்கு வெளியே போகவே தேவையில்லை. 32க்கு 32 புள்ளி கொண்ட கட்டத்துக்குப் புள்ளிக்கு 4 பைட் வீதம் நிறத்துக்கு 4,096 பைட் போதும். ஆழத்துக்கும் அதே அளவு. இத்தனூண்டு மெமரியை எந்த லாஜிக் ஆலையிலும் செய்யலாம். டிராம் ஆலை தேவையில்லை, திரை பெரிதானால் சிப்பை மாற்றவும் தேவையில்லை. 2007இல் வந்த முதல் ஐபோனில் இருந்தது பவர்விஆர் எம்பிஎக்ஸ் லைட். ஏஆர்எம்மின் மாலி, குவால்காமின் அட்ரினோ ஆகியவையும் கட்டம் கட்டமாக வரையும் இனத்தைச் சேர்ந்தவைதான்.

நியோமேஜிக் கேட்ட கேள்வி சரி. தகவலை வெளியே அலைய விடாமல் எப்படி வரைவது என்பதே கையடக்கக் கருவிக்கான முதல் கேள்வி, இன்றுவரை அதுதான். அதன் விடையில் படம் முழுவதும் உள்ளே வந்தாக வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் ஒரு துண்டு வந்தால் போதும் என்று கண்டுகொண்டார்கள். பொறியியலில் இரண்டாவது விடையைக் கண்டவரைக் கொண்டாடுகிறோம். கேள்வியைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அது வெறும் ஆய்வகக் கனவல்ல என்று ஐபிஎம்மையும் டெல்லையும் நம்பவைத்தவர்களை மறந்துவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இன்றைக்கும் லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் நியோமேஜிக்குக்கு ஒரு கோப்பு இருக்கிறது. 896, 1152, 2048, 2560 என்று அந்த மெமரி அளவுகள் வரிசையாக அதில் எழுதப்பட்டிருக்கின்றன. சிப் வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

வாசகரின் கேள்வியில் ஒரு பாதி இன்னும் மிச்சம்: அந்தச் சிப்பை இங்கேயே செய்திருக்கலாமே? 1990களில் முடியாது. மொஹாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கிய நம் அரசின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1989 பிப்ரவரியில் தீயில் கருகி, மீண்டும் எழும் வழியைத் தேடிக்கொண்டிருந்தது. வடிவமைக்கும் தலைகள் இருந்தன, ஆலை இல்லை. அந்தத் தலைகள் பெங்களூரில் எப்படித் திரண்டன என்பது 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்ததிலிருந்து தொடங்க வேண்டிய கதை. அடுத்த இதழில் அதை எழுதுகிறேன். மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் ரயிலேறிப் போய் 1980களிலும் 90களிலும் பெங்களூரின் மின்னணு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். அந்த நாட்களில் என்ன செய்தீர்கள், எந்தக் கருவியில் செய்தீர்கள் என்று பத்திரிகை முகவரிக்கு எழுதியனுப்புங்கள்; தொடரில் சேர்த்துக்கொள்கிறேன்.

(தொடரும்)